மடிக்கணினியில் வன்தட்டுப் பழுது: தரவை மீட்டலும் கருவியைச் செப்பனிடலும்

நாட்டின் நிர்வாகத்திலும் கல்வியிலும் மடிக்கணினி இன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஊராட்சியின் பணி மதிப்பீடுகள், சுகாதார நிலையத்தின் பதிவேடுகள், கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், கல்லூரி மாணவரின் ஆய்வேடு ஆகிய யாவும் அதில்தான் உருவாகின்றன. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டம் போன்ற முயற்சிகள், கிராமப்புற மாணவர் கைக்கும் அதனைக் கொண்டு சேர்த்தன. ஆயினும், கருவி பரவிய வேகத்தில் அதனைப் பராமரிக்கும் அறிவு பரவவில்லை. இக்குறை மிகவும் வெளிப்படையாகத் தெரிவது, ‘ஹார்டு டிஸ்க்’ என்று வழக்கில் குறிப்பிடப்பெறும் வன்தட்டு பழுதாகும் நேரத்தில்தான்.

விசைப்பலகை கெட்டால் வேறொன்று வாங்கலாம். திரை உடைந்தால் மாற்றலாம். மின்கலமும் கடையில் கிடைக்கும். வன்தட்டும் கடையில் கிடைக்கும். ஆனால் அதில் எழுதப்பட்டிருந்த தரவு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. எனவே, வன்தட்டுப் பழுது என்பதில் இரண்டு பணிகள் அடங்கியுள்ளன. ஒன்று, தரவை மீட்பது. மற்றொன்று, கருவியைச் செப்பனிடுவது. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பது மட்டுமன்று. இரண்டாவதை முதலில் செய்தால் முதலாவது இயலாமலே போய்விடவும் கூடும். இதனை உணராமையே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணமாகும்.

வன்தட்டின் அமைப்பு

1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சேமிப்பகம், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. அதில் 50 இலட்சம் எழுத்துக்குறிகளையே பதிய முடிந்தது. இன்று மடிக்கணினியில் பொருத்தப்படும் 2.5 அங்குல வன்தட்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். எனினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் ஒரு மின்சுழலியால் சுழற்றப்படுகின்றன. அவற்றின் மேல் ஒரு கரத்தின் நுனியில் அமைந்த தலைப்பகுதி நகர்ந்து, தரவைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. அடிப்புறத்தில் உள்ள மின்சுற்றுப் பலகை இவை அனைத்தையும் இயக்குகிறது.

மடிக்கணினி வன்தட்டுகளில் பல, நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கின்றன. அவ்வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. அதற்கு மேல் ஒரு சில நானோமீட்டர் இடைவெளியில் தலைப்பகுதி மிதக்கிறது. தலைமயிரின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர் ஆகும். ஆகவே, இயங்கிக்கொண்டிருக்கும் மடிக்கணினியை மேசைமீது சற்றே வேகமாக வைத்தாலும் தலைப்பகுதி தட்டினை உரசக்கூடும். உரசிய இடத்தில் காந்தப் பூச்சு சிதைகிறது; சிதைந்த துகள்கள் மேலும் உரசலை உண்டாக்குகின்றன. இத்தகைய பழுது, கருவி இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் பெருகும் தன்மையது.

அண்மைக்கால மடிக்கணினிகளில் பெரும்பாலும் சுழலும் தட்டுகளுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகம் இடம்பெறுகிறது. இதில் அசையும் உறுப்புகள் இல்லை. சில்லுகளில் உள்ள மின்னூட்டமே தரவாக நிற்கிறது. அதிர்வினால் இதற்கு ஊறு நேர்வது அரிது. ஆனால் இது பழுதாகும்போது ஓசையோ முன்னறிவிப்போ இன்றித் திடீரென்று செயலற்றுப்போவதுண்டு.

பழுதின் வகைகள்

வன்தட்டுப் பழுதுகளை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, இணைப்புப் பழுது. தட்டு நலமாகவே இருக்கும். அதனைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் முனையோ மெல்லிய நாடாக்கம்பியோ தளர்ந்திருக்கும்.

இரண்டாவது, தருக்கப் பழுது. தட்டின் உறுப்புகள் நலமாயிருந்தும், கோப்புகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் அட்டவணை சிதைந்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைபடுதல், நச்சுநிரல் தாக்குதல் முதலியவை இதற்குக் காரணங்களாகும். நூலகத்தில் நூல்கள் இருந்தும் அட்டவணை தொலைந்த நிலைக்கு இதனை ஒப்பிடலாம்.

மூன்றாவது, பரப்புப் பழுது. தட்டின் சில கூறுகள் படிக்க இயலாதவையாகின்றன. ‘பேட் செக்டர்’ என்று பழுதுபார்ப்போர் குறிப்பிடுவது இதனையே.

நான்காவது, மின்னணுப் பழுது. மின்னழுத்த ஏற்றத்தால் மின்சுற்றுப் பலகை கருகிவிடும். தட்டு சுழலவே சுழலாது.

ஐந்தாவது, இயந்திரப் பழுது. தலைப்பகுதியோ மின்சுழலியோ செயலிழந்துவிடும். ‘டக், டக்’ என்று சீரான இடைவெளியில் எழும் ஓசை இதன் தனி அடையாளமாகும்.

முதலிரண்டையும் பயிற்சியுள்ள மாணவரோ அலுவலக ஊழியரோ சரிசெய்ய இயலும். மூன்றாவதில் விரைந்து செயல்பட்டால் தரவில் பெரும்பகுதியை மீட்கலாம். இறுதியிரண்டும் தனித்திறன் பெற்ற ஆய்வகத்திற்கே உரியவை.

அறிகுறிகளும் அவற்றின் பொருளும்

பழுது பல வேளைகளில் முன்னரே தன்னைத் தெரிவிக்கிறது. ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிடங்கள் ஆதல், நகலெடுக்கும் பணி பாதியில் நின்றுபோதல், கோப்புறைகள் காணாமற்போதல், கணினி அடிக்கடி தானே நின்று மறுபடி தொடங்குதல் ஆகியவை கவனத்திற்குரியவை. கணினியைத் தொடங்கும்போது இயங்குதளம் காணப்படவில்லை என்ற செய்தி திரையில் தோன்றினால், தட்டு கண்டறியப்படவில்லை அல்லது அதன் தொடக்கப் பகுதி சிதைந்துள்ளது என்று கொள்ளலாம்.

வன்தட்டு தன் நலத்தைத் தானே பதிவு செய்துகொள்ளும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாடும் உண்டு. ஸ்மார்ட்மன்டூல்ஸ், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்களால் இப்பதிவைப் படிக்கலாம். அதில் நான்கு எண்கள் முதன்மையானவை. 5 என்னும் எண்ணுள்ள பதிவு, பழுதுற்றதால் மாற்றிடம் தரப்பட்ட கூறுகளைக் காட்டும். 197, படிக்க இயலாமல் காத்திருக்கும் கூறுகளைக் காட்டும். 198, சரிசெய்ய இயலாத கூறுகளைக் குறிக்கும். இம்மூன்றில் ஏதேனும் ஒன்று சுழியத்தினின்று உயர்ந்து, நாளுக்கு நாள் வளருமானால் தட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம். 199 மட்டும் உயருமாயின் தட்டைக் குறை கூறுவதற்கு முன் இணைப்புக் கம்பியை ஆராய்வது தகும்.

ஆனால் இப்பதிவை முழுவதும் நம்பியிருத்தல் கூடாது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1,00,000-க்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகள் இங்கு நோக்கத்தக்கவை. தட்டின் பரப்பை ஆராய்கையில் முதற்பிழை தோன்றிய தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, அத்தகைய பிழையில்லாத தட்டைவிட 39 மடங்கு மிகுதி என்று அவர்கள் கண்டனர். அதேவேளையில், பழுதடைந்த தட்டுகளில் 56 சதவீதத்திற்கும் மேற்பட்டவை முதன்மையான நான்கு ‘ஸ்மார்ட்’ குறிகளில் எதையும் காட்டாமலே பழுதாயின. எச்சரிக்கை தோன்றினால் உடனே செயல்பட வேண்டும். தோன்றவில்லை என்பதால் அச்சமில்லை என்று இருந்துவிடக் கூடாது என்பதே இவற்றினின்று பெறப்படும் பாடமாகும்.

ஆராயும் வரிசை

பழுது நேர்ந்தவுடன் கேட்க வேண்டிய முதல் வினா, ‘என்ன கெட்டது?’ என்பதன்று. ‘இதிலுள்ள தரவு வேறெங்கேனும் உள்ளதா?’ என்பதே முதல் வினா. உள்ளது எனின், அச்சமின்றித் தட்டை மாற்றும் பணிக்குச் செல்லலாம். இல்லை எனின், பின்வரும் வரிசை கடைப்பிடிக்கத்தக்கது.

முதற்கண், ஓசையைக் கவனிக்க வேண்டும். ‘டக், டக்’ என்ற ஒலியோ உராயும் ஒலியோ எழுந்தால் கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதற்கு ஒப்பாகும்.

அத்தகைய ஒலி இல்லையெனில், கணினி தொடங்கும்போதே பயாஸ் அல்லது யு.இ.எஃப்.ஐ. எனப்படும் அடிப்படை அமைப்புத் திரைக்குச் சென்று, தட்டின் பெயர் அங்குக் காணப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். காணப்பட்டால் மின்சுற்றுப் பலகையாவது இயங்குகிறது என்பது தெளிவு. காணப்படாவிட்டால், மின்னேற்றியைக் கழற்றி, மின்கலத்தின் இணைப்பையும் நீக்கிய பின்னர், தட்டை வெளியே எடுத்து மறுபடி உறுதியாகப் பொருத்திப் பார்க்கலாம். தளர்ந்த இணைப்பு ஒன்றே காரணமாயிருப்பின் பழுது இத்துடன் தீர்ந்துவிடும்.

அதன் பின்னும் பயனில்லையெனில், தட்டை யு.எஸ்.பி. மாற்றிணைப்பான் வழியாக வேறொரு நல்ல கணினியுடன் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கு அது தெரிந்தால், பழுது மடிக்கணினியின் இணைப்பிலோ இயங்குதளத்திலோ உள்ளது. அங்கும் தெரியாமல், சுழலும் அசைவும் இல்லாவிடில், மின்னணுப் பழுது எனக் கருதி முயற்சியை நிறுத்திவிடுதல் நலம். அதே வகைத் தட்டொன்றின் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி இதில் பொருத்தினால் போதும் என்ற கருத்து ஒரு காலத்தில் ஓரளவு பொருந்தியது. இன்றைய தட்டுகளில் ஒவ்வொன்றுக்குமே தனித்த அளவீடுகள் அப்பலகையின் சில்லில் பதியப்பட்டிருப்பதால், பலகையை மட்டும் மாற்றுவது பொதுவாகப் பயன் தருவதில்லை.

தட்டின் மூடியைத் திறந்து பார்ப்பதும், குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பதும் அறவே தவிர்க்கப்பட வேண்டியவை. சாதாரண அறையின் காற்றிலுள்ள தூசித் துகள், தலைப்பகுதியின் இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரியது. குளிரூட்டிய தட்டின் உள்ளே ஈரம் படிந்தால் எஞ்சிய தரவும் அழியும்.

தரவை மீட்கும் முறை

தட்டு தெரிகிறது, ஆனால் தடுமாறுகிறது என்னும் நிலையில் மீட்புப் பணி கவனமாகச் செய்யப்பட வேண்டும். இதில் தலையாய விதி, பழுதுற்ற தட்டின்மீது எதையும் எழுதக் கூடாது என்பதாகும். அதே தட்டில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுதல், மீட்பு மென்பொருளை அதிலேயே பதிதல் ஆகியவை, தேடும் கோப்பின் மேலேயே புதியதை எழுதிவிடக்கூடும். ‘செக் டிஸ்க்’ என்னும் விண்டோஸ் கட்டளையும் இந்நிலையில் ஏற்றதன்று. அது அட்டவணையைத் திருத்தி எழுதுகிறது. நலிந்த தட்டை முழுவதுமாகப் படிக்கச் செய்து அதன் சுமையையும் கூட்டுகிறது. தரவு பாதுகாப்பாக வெளியேறிய பின்னரே அதற்கு இடமுண்டு.

யு.எஸ்.பி. கருவியிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு கணினியைத் தொடங்குவது நல்ல வழி. அவ்வாறு தொடங்கினால் பழுதுற்ற தட்டின் இயங்குதளம் இயங்குவதில்லை. பின்னர், படிப்பதற்கு மட்டும் என்ற நிபந்தனையுடன் தட்டை இணைத்து, இன்றியமையாத சில கோப்புகளை முதலில் வெளித்தட்டு ஒன்றிற்கு நகலெடுக்க வேண்டும். அதன் பின்னரே முழுத் தட்டின் படிமத்தை எடுக்க முற்பட வேண்டும்.

படிமம் எடுப்பதற்கு ஜி.என்.யு. டி.டி.ரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள் பெரிதும் பயன்படுகிறது. அது முதலில் நல்ல பகுதிகளை விரைந்து படித்துவிடுகிறது. பழுதான பகுதிகளைத் தாண்டிச் சென்று, இறுதியில் அவற்றிற்குத் திரும்புகிறது. எதுவரை படித்தது என்பதைத் தனிக்கோப்பில் குறித்துவைப்பதால், பணியை இடையில் நிறுத்தித் தொடரவும் இயலும். விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படிக்கும் நலமான 500 கிகாபைட் தட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும். நலிந்த தட்டுக்கோ நாட்கணக்கில் ஆகலாம். பொறுமை இப்பணியின் ஒரு கருவியே. படிமம் கிடைத்த பின்னர், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள்களை மூலத் தட்டின்மீதன்றி, அப்படிமத்தின்மீது பயன்படுத்திக் கோப்புகளைத் தேடலாம்.

இங்கு ஒரு தடை குறுக்கிடக்கூடும். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டுள்ளது. அத்தட்டை வேறு கணினியில் இணைத்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் கேட்கப்படும். அது முன்கூட்டியே குறித்து வைக்கப்படாவிடில், நலமான தட்டும் திறவாத பெட்டியே. திடநிலைச் சேமிப்பகத்தில் மற்றொரு தடை உண்டு. அழிக்கப்பட்ட கோப்பின் இடத்தை ‘டிரிம்’ என்னும் செயல்முறை விரைவில் வெறுமையாக்கிவிடுவதால், தவறுதலாக அழித்ததை மீட்கும் வாய்ப்பு அதில் மிகக் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு

ஓர் ஒன்றிய அலுவலகத்தில் நிதியாண்டின் இறுதி வாரத்தில் மடிக்கணினி நின்றுவிட்டது எனக் கொள்ளலாம். ஊராட்சிக் கணக்குகள் 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் வலைவாயிலில் ஏற்றப்பட்டுள்ளன, அவற்றிற்கு இடையூறில்லை. ஆனால், ஏற்றப்படாத பணி மதிப்பீடுகளும், பணித்தளப் புகைப்படங்களும், முதியோர் ஓய்வூதிய விண்ணப்பங்கள் பற்றிய குறிப்புகளும் அத்தட்டில் மட்டுமே உள்ளன.

கணினி அவசரமாகப் பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பப்படுகிறது. ‘கணினி ஓட வேண்டும்’ என்பதே சொல்லப்பட்ட தேவை. தட்டு ‘ஃபார்மேட்’ செய்யப்பட்டு, இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டு, மாலையில் கணினி திரும்புகிறது. கருவி செப்பனிடப்பட்டது, தரவு போயிற்று. இதில் கடைக்காரரின் குற்றம் ஏதுமில்லை. அவரிடம் கேட்கப்பட்டதை அவர் செய்தார். ‘தரவு வேண்டும், அது வெளியே எடுக்கப்படும் வரை தட்டில் எதுவும் எழுதக் கூடாது’ என்ற ஒரு வரி எழுத்தில் தரப்பட்டிருப்பின் விளைவு வேறாயிருந்திருக்கும். ஓய்வூதியத்திற்கு விண்ணப்பித்த முதியவர் மறுபடியும் சான்றுகளைத் தேடி அலைய நேர்வது, தட்டின் பழுதால் அன்று. அந்த ஒரு வரி எழுதப்படாமையால்.

புதிய தட்டைப் பொருத்துதல்

தரவு மீட்கப்பட்ட பின்னர் செப்பனிடும் பணி எளிது. 2.5 அங்குலத் தட்டுகளில் 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இருவகைத் தடிமன்கள் பெருவழக்கில் உள்ளன. மெல்லிய மடிக்கணினியில் முன்னது மட்டுமே அமையும். எம்.2 வடிவச் சேமிப்பகமாயின், அது சாட்டா வகையா, என்.வி.எம்.இ. வகையா என்பதைக் கணினியின் கையேட்டில் பார்த்து வாங்க வேண்டும். தோற்றத்தில் ஒத்திருப்பினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இயங்காமற்போகலாம். சில கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதனைத் தனியே மாற்ற இயலாது. வாங்கும்போதே இதனைக் கேட்டறிதல் அறிவுடைமை.

பொருத்துமுன் மின்னேற்றியையும் மின்கலத்தையும் துண்டித்து, நிலத்தொடர்புள்ள உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் ஒரு தாளில் வைத்தால், நீளமான ஆணியைத் தவறான துளையில் முறுக்கிப் பலகையைச் சேதப்படுத்தும் இடர் நேராது. தட்டைப் பொருத்தி, அடிப்படை அமைப்புத் திரையில் அது தெரிவதை உறுதி செய்த பின்னர் இயங்குதளத்தை நிறுவி, தரவை மீண்டும் ஏற்றலாம். பழைய சுழல்தட்டுக்குப் பதிலாகத் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், பழைய மடிக்கணினியும் வேகம் பெற்று மேலும் சில ஆண்டுகள் பயன்படுவது கண்கூடு.

பழைய தட்டின் முடிவு

பழுதுற்ற தட்டு வெற்றுக் குப்பையன்று. அதில் குடிமக்களின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண் முதலியன படிக்கத்தக்க நிலையில் எஞ்சியிருக்கலாம். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய விவரங்களைத் தக்க காப்பு ஏற்பாடுகளுடன் பேண வேண்டும் என்கிறது. உத்தரவாதக் காலத்தில் புதிய தட்டைப் பெறுவதற்காகப் பழையதை அப்படியே ஒப்படைப்பது இங்குச் சிக்கலை உண்டாக்குகிறது. பழுதான தட்டை அலுவலகமே வைத்துக்கொள்ளலாம் என்ற விதியைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் முன்னரே சேர்ப்பது இதற்குத் தீர்வாகும்.

இயங்கும் சுழல்தட்டாயின், முழுவதையும் ஒருமுறை மேலெழுதி அழித்தல் பொதுவாகப் போதுமானது. திடநிலைச் சேமிப்பகத்தில் மேலெழுதுதல் எல்லாச் சில்லறைகளையும் எட்டுவதில்லையாதலால், அதற்கென அமைந்த பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இயங்காத தட்டை உடைத்தழித்துப் பதிவேட்டில் குறித்தல் தகும். அதன்பின் எஞ்சும் பாகங்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும்.

முன்னேற்பாடே பாதுகாப்பு

எல்லா வன்தட்டுகளும் ஒருநாள் பழுதாகும். எந்த நாள் என்பது மட்டுமே தெரியாதது. ஆதலின், மூன்று நகல்கள், இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்னும் எளிய முறை உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. மாணவர் ஒருவருக்கு இது மடிக்கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என அமையும். அலுவலகத்திற்கு அரசு ஏற்பளித்த வழங்கியும், பூட்டிய பெட்டியில் வைத்த வெளித்தட்டும் பொருந்தும். எப்போதும் கணினியுடனேயே இணைந்திருக்கும் வெளித்தட்டு உண்மையான காப்பு ஆகாது. நச்சுநிரலும் மின்னழுத்த ஏற்றமும் இரண்டையும் ஒருங்கே தாக்கும். எடுத்த நகலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்த்துச் சரிபார்ப்பதும் கடமையே. திறக்க முடியாத நகல், நகலே அன்று.

மத்திய அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, கணினியில் உருவான ஆவணமும் பொது ஆவணமே என்று 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் கொள்கிறது. கோப்பு அறையின் திறவுகோல் ஓர் ஊழியரின் பொறுப்பில் இருப்பது போல், காப்பு நகல்களும் மீட்புத் திறவுகோல்களும் பெயர் குறித்து ஒருவரது பொறுப்பில் இருத்தல் வேண்டும். அவர் மாறுதலில் செல்லும்போது அவையும் முறைப்படி ஒப்படைக்கப்பட வேண்டும்.

மார்ச் 31 நிதியாண்டின் இறுதி நாள். அதே நாள் உலகக் காப்பு நகல் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. கணக்கை முடித்துக் கையொப்பமிடும் அந்நாளிலேயே, அவ்வாண்டின் தரவு வேறோர் இடத்தில் உள்ளதா என்றும் சரிபார்த்துக் கையொப்பமிடும் வழக்கம் ஏற்படுமாயின், வன்தட்டுப் பழுது ஒரு பேரிழப்பாக இராது. ஒரு திருகாணி முறுக்கியும் அரைநாள் உழைப்பும் கொண்டு தீர்க்கத்தக்க சிறு வேலையாகிவிடும்.